பொட்டு வைத்த சிப்பு

என் அண்ணனுக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அங்கே இருந்த ஒரு சிப்பு கம்பெனிக்கு விழுப்புரத்தில் அவரைவிடப் பெரிய விசுவாசி யாரும் கிடையாது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் சீரியல் செட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தோம். மூங்கில் தட்டியில் கலர் பல்புகளைக் கட்டி, அம்மன் சூலத்தைச் சுழற்றுவது போலவும் மயில் தோகை விரிப்பது போலவும் திருவிழாக்களில் ஓடவிடுவோமே, அந்தத் தொழில்.

முதலில் எல்லாரிடமும் மோட்டார் உருளைதான் இருந்தது. மர உருளையில் செப்புத் தகடுகளை ஒட்டிச் சுற்றவிட்டால், தகடு படும் இடத்துப் பல்பு எரியும். நாலைந்து அசைவுக்கு மேல் அதில் வராது, இரைச்சல் வேறு. எங்கள் பக்கத்தில் உருளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பல்பு எரியும் கணக்கை உள்ளே எழுதிவைக்கும் சிப்புக்கு மாறிய முதல் ஆள் என் அண்ணன்தான். மெட்ராஸிலிருந்து அந்த அமெரிக்கக் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் ரயிலில் வந்து, டை கட்டிய கழுத்தோடு எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "உலகத்துலயே எங்க மெமரி சிப்புதான் சார் முதல்ல வந்தது" என்று சொன்னார். அண்ணன் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டார்.

சிப்பு கட்டைவிரல் நீளம் இருக்கும். நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலை எப்போதும் மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே எழுதியது அழிந்துபோகும் என்று பிரதிநிதி கறுப்பு ஸ்டிக்கர்கள் கொடுத்திருந்தார். அவை தீர்ந்ததும் நான் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டில் பெரிய சைஸாகப் பார்த்து ஒட்டினேன். ஜன்னலோடு மேலே அச்சடித்திருந்த கம்பெனி பெயரும் மறைந்துபோனது. அண்ணனுக்குப் பரம திருப்தி. "அம்மனை ஓட்ற சிப்பு பொட்டில்லாமயா இருக்கும்?" என்றார்.

படம் போடுவது என் வேலை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்திருந்தேன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மயிலை வரைந்து, எந்த நொடியில் எந்தப் பல்பு என்று எண்களாக மாற்றி மெட்ராஸுக்கு அனுப்புவேன். அங்கே சிப்பில் எழுதும் மெஷின் வைத்திருந்த ஒருவர் எழுதி அனுப்புவார். அந்த மயிலுக்காக மூன்று மாதம் உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்து ஒரு கணம் நின்று, பிறகுதான் தோகையை விரிக்கும். அந்த ஒரு கணத்துக்காக மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டம் விசிலடிக்கும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை எந்த ஊர்த் திருவிழா என்றாலும் "மயில் செட்டுக்காரங்களக் கூப்புடு" என்பார்கள்.

அப்புறம் திண்டிவனத்துக்காரர் வந்தார். அதுவரை மோட்டார் உருளையைக் கட்டிக்கொண்டு அழுதவர், திடீரென்று ஜப்பான் சிப்புகளோடு வந்து நின்றார். எங்கள் சிப்பின் விலையில் பாதிதான். மிச்சப்பட்டதில் எழுதும் மெஷினையே சொந்தமாக வாங்கிவிட்டார். எங்களுக்கு ஒரு படம் மாற்றப் பத்து நாள் ஆனால், அவர் காலையில் வரைந்து மாலையில் ஓட்டினார். ஒலக்கூர் பக்கம் போனது, மயிலம் பக்கம் போனது, எங்கள் புக்கிங் ஒவ்வொன்றாகக் கை நழுவியது. அண்ணன் மசியவில்லை.

"அது டூப்ளிகேட்டு. ஒரு மழைக்குப் பேஜாராயிடும் பாரு."

ஒரு மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வந்துவிட்டால் ஆளுக்கொரு பஸ்ஸின் போர்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தது, அவர் ஜப்பான் சிப்போடு வந்த இரண்டாம் வருஷத்து ஆயுத பூஜைக்கு. கடைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால், ஈரம் ஆகாது என்று சிப்பு போர்டுகளை மொட்டை மாடியில் வைத்தேன். பழைய பொட்டுகள் அழுக்கேறிக் கிடந்தன. பூஜையன்று புதுப்பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் உரித்தேன். புற ஊதா விளக்கு ஒன்றில் காட்டினால்தான் சிப்பு அழியும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் ஏது ஊதா விளக்கு? மல்லாட்டைக் கடலையைக் காயப்போடுவது போல ஒரு வாரம் போர்டுகளைக் காயப்போட்டேன். நல்ல வெயில். பூஜையன்று துடைத்து, சந்தனம் தெளித்து, ஆறு சிப்புக்கும் ஆறு புதுப்பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினோம்.

அடுத்து வந்தது ஐப்பசி அமாவாசை, மேல்மலையனூர். எங்களிடம் மிச்சமிருந்த ஒரே பெரிய இடம் அதுதான். அங்கே ஒருமுறை செட்டு ஓடாமல் போனால், அந்த இடமும் திண்டிவனத்துக்காரருக்குத்தான். அண்ணன் ஆட்களோடு தட்டி கட்ட முன்கூட்டியே போய்விட்டார். இரண்டு நாள் முன்னால், காலையில் கடையில் தனியாக உட்கார்ந்து சோதனைப் பலகையில் சிப்பைச் செருகினேன். மயில் ஆடவில்லை. எல்லாப் பல்பும் ஒன்றாக எரிந்து அப்படியே நின்றன. அடுத்த சிப்பும் அப்படியே. ஆறும் அப்படியே. எழுதியதெல்லாம் அழிந்துபோயிருந்தது; பொட்டில்லாமல் மாடியில் காயப்போட்டது நான்தான்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டேன். மெஷின்காரர் தீபாவளிக்குக் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். கொஞ்ச நேரம் அழுதேன், என்னையே வாய்க்கு வந்தபடி திட்டினேன், பிறகு சிப்புகளையும் கிராஃப் தாள்களையும் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதலில் வந்தது சிரிப்பு.

"இன்னாம்மா, உங்கண்ணன் தூது வுட்டுச்சா?"

"அண்ணனுக்குத் தெரியாதுங்க. சிப்பு ஆறும் அழிஞ்சி போச்சி. நான்தான் மாடில காயவச்சேன்."

சிரிப்பு போய்விட்டது. "அய்யய்ய. அந்த ஊதா விளக்குல இருக்குறதேதான் வெயில்லயும் இருக்குது. யாரும் சொல்லலியா?" என்றவர், சிப்பைக் கையில் வாங்கிப் பொட்டை உரித்துப் பார்த்தார். "இது எழுத இருவத்தஞ்சு வோல்ட்டு வோணும். என் மெஷினு இருவத்தொண்ணுதான் தரும். இதுல எழுத முடியாது."

நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

"எங்க போற? குந்து. எங்கிட்ட புது சிப்பு இருக்குது. ஜப்பான்காரனுது. உங்கண்ணன் தொட்டா தீட்டுன்னுவாரு. உனக்குப் பரவால்லியா?"

அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அந்த வீட்டில் எண் அடிப்பவர் அவர்தான். நான் தாளைப் பார்த்து வாசிக்க வாசிக்க அவர் அடித்தார். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் வீணாகிவிடும் என்று, அடித்தது அத்தனையையும் திண்டிவனத்துக்காரர் மெஷினோடு இணைத்த டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட் போட்டுப் பதிந்துகொண்டே வந்தார். மயில் வந்தபோது மட்டும் அவர் எழுந்து வந்தார். சோதனைப் பலகையில் அது தலையைச் சாய்த்து நின்றதைக் குனிந்து பார்த்தார்.

"இந்த எடம்தாம்மா," என்றார். "இதத்தான் ரெண்டு வருஷமா எனக்குப் போட வரல."

சாயங்காலம் கிளம்பும்போது ஆறு சிப்புக்கும் அவர் மனைவியே தன் பொட்டை எடுத்து ஒட்டிக் கொடுத்தார். ஒரு தூக்கில் அதிரசம் வேறு. பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தக் கேசட் அவரிடமே இருக்கிறது. எங்களை வாழவைத்த மயிலைப் போட்டிக்காரர் கையில் நானே கொடுத்துவிட்டு, அதிரசம் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

மேல்மலையனூரில் ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டோம். மயில் தலையைச் சாய்த்தது, கூட்டம் விசிலடித்தது. அண்ணன் என் தோளில் தட்டி, "அமெரிக்காக்காரன் சிப்புடி! எப்டி நிக்குது பாரு!" என்று கத்தினார். நான் தலையாட்டினேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குப் பிறகு எட்டொன்பது மாதம், பொட்டுக்குக் கீழே ஜப்பான்காரன் பெயரை வைத்துக்கொண்டு அண்ணன் ஊர் ஊராக அமெரிக்கச் சிப்பின் பெருமையைப் பேசினார். நான் ஒவ்வொரு ஊராகப் போய்த் திண்டிவனத்துக்காரர் செட்டை ஒளிந்து நின்று பார்த்தேன். அம்மன் வந்தாள், யானை வந்தது, தாமரை விரிந்தது. மயில் வரவில்லை.

ஆடி மாதம் மெட்ராஸ் பிரதிநிதி வந்தார். இந்த முறை டை இல்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே எங்ககிட்ட மெமரி சிப்பு கிடைக்காது சார்" என்றார். "கம்பெனி அதைப் போடறதையே நிறுத்திடுச்சு. ஜப்பான்காரன் விலைக்கு எங்களால இறங்க முடியல. விலை மட்டும் இல்ல, நூறு சிப்புல பழுது அவன்கிட்டதான் கம்மி. அதான் நிஜம். இனி வேற மாதிரி சிப்பு போட்டுப் பொழைச்சிக்கப் போறாங்களாம்." தன் கம்பெனியின் தோல்வியை இத்தனை நேர்மையாகச் சொன்ன விற்பனைக்காரரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அண்ணன் நம்பவில்லை. "இன்னா சார் பேசற? உங்க சிப்பு எங்கிட்ட ஒரு தபா கூட நின்னதில்ல. மழையில நனைஞ்சும் ஓடுது, பாரு" என்று போர்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். பிரதிநிதி ஒரு பொட்டை நகத்தால் உரித்தார். கீழே இருந்த பெயரைப் படித்தார். "சார், இது எங்களுது இல்லியே" என்றார் மெதுவாக.

அண்ணன் மீதி ஐந்து பொட்டையும் தானே உரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாடி, வெயில், திண்டிவனம், கேசட் என்று எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். பிரதிநிதி பாவம், டீயைக் குடிப்பதா வைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

"கேசட்டு அந்தாள்கிட்டயா இருக்குது?"

"ஆமா."

"மயிலு?"

"ஒரு ஊர்லயும் வுடல. நான் போய்ப் போய்ப் பார்த்தேன்."

 இரண்டு நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "மயிலு தாளுங்கள எடு" என்றார்.

அந்த ஜப்பான்காரர்கள் யார் எவர் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் அத்தனை மலிவாகச் செய்திருக்காவிட்டால், திண்டிவனத்துக்காரர் வீட்டில் கேட்டதும் எடுத்துக் கொடுக்க ஆறு சிப்பு இருந்திருக்காது. எங்கள் புக்கிங்கைக் கொண்டுபோனதும் அந்த மலிவுதான், எங்கள் மானத்தைக் காத்ததும் அதுதான். தோற்றுப்போன கம்பெனிக்கும் நான் கடன்பட்டவள்தான். அது முதலில் வராவிட்டால் என் மயில் ஏது?

திண்டிவனத்தில் அவர் எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டார். இப்போது போர்டைப் படிக்கப் பக்கத்தில் பஸ் இல்லை. அண்ணன் தாள்களை மேஜையில் வைத்தார்.

"மயிலு. வச்சிக்க. உன் செட்டுலயும் ஆடட்டும்."

அவர் தாளைத் தொடவில்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்து ஒரு கேசட்டைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். மேலே அவர் மனைவியின் கையெழுத்தில் 'விழுப்புரத்துப் பொண்ணோடது' என்று இருந்தது.

"இது அன்னிலேர்ந்து எங்கிட்டதான் இருக்குதுங்க," என்றார்.

"தெரியும்," என்றார் அண்ணன். "அதனாலதான் கொண்டாந்தேன்."