சப்பாத்தோடு ஏறிய வண்டி

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய மோட்டார்ஹோம் வண்டியை முதன்முதலாக வாங்கப் போகிறவர்கள் இப்போது என்னிடம் புத்தி கேட்டு வருகிறார்கள். எஞ்சின், டயர் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அதையெல்லாம் மெக்கானிக்கிடம் கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

நான் கழற்றவில்லை. எங்கள் வண்டி கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ஒருவர் வீட்டு வாசலில் நின்றது. பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர். பழைய மோட்டார்ஹோம்களை வாங்கித் திருத்தி விற்பவர். எங்கள் கோயிலில் அன்னதானத்துக்கு முன்னால் நிற்கும் ஆள். நானும் மனைவியும் போன அன்று வண்டிக்குள் சாம்பிராணி மணந்தது. பக்தியான மனிதர் என்று நினைத்தேன். படியில் நின்று வழக்கப்படி சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன். அவர் பதறிப்போய்த் தடுத்தார்.

“சேச்சே, சப்பாத்தோடயே ஏறுங்கோ. ஏன் கரைச்சல்?”

காஸ் மீட்டர் பார்க்க வருகிறவனையே வாசலில் கழற்றவைக்கிற சனம் நாங்கள். லண்டனில் எந்தத் தமிழர் எனக்கு இப்படிச் சொல்லியிருக்கிறார்? அந்த இடத்திலேயே என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். பெரிய மரியாதை என்று எண்ணி உச்சி குளிர்ந்துபோனேன். என் தடித்த சப்பாத்துக்குக் கீழே புதுக் கம்பளம், அதற்குக் கீழே ஊறி உளுத்த பலகை. சாம்பிராணி அதன் நாற்றத்தை மறைக்க.

வண்டி என் மனைவியின் ஆசை. கடலைப் பார்த்துக்கொண்டு தன் கையால் தேநீர் போட்டுக் குடிக்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியை வாங்கி வேல்ஸ் கடற்கரைக்குப் போன மூன்றாம் நாள் காலை, வெறுங்காலோடு எழுந்து கேத்திலைக் கையில் எடுத்தாள். சிங்குக்கு முன்னால் தரைப் பலகை விட்டது. வலது கால் முழங்கால் வரை உள்ளே போய், கணுக்கால் முறிந்தது.

அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுத்தேன். “பார்த்துத்தானே வாங்கினனீங்கள்?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒவ்வொரு வருடமும் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு வீதி சுற்றுகிறவள், இந்த வருடம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்தாள். வண்டி விற்றவர் அவளைக் கடந்து போகும்போது சிரித்துக்கொண்டே, “இப்ப கால் சுகம்தானே, தங்கச்சி?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்:

“அந்தாள் ஒருக்கா வெறுங்காலோட அதுமாதிரிப் பலகையில நிக்கோணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்.”

வழக்குப் போடு என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஆளின் வெறுங்கால்கள்தான்.

கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் நண்பர், அதே ஆளிடம் வேறொரு வண்டி பார்க்கப் போவதாகச் சொன்னபோது வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனோம். பழைய வண்டியின் ஒழுக்கு மழையில்தான் தெரியும்; வெயிலில் பார்க்கிறவன் மடையன்.

என்னைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. நண்பரிடம் மட்டும், “சப்பாத்தோடயே ஏறுங்கோ” என்றார். நான் படியில் உட்கார்ந்து ஆறுதலாகச் சப்பாத்தைக் கழற்றினேன். பிறகு காலுறையையும் கழற்றினேன். நண்பரும் கழற்றினார். உள்ளே அதே சாம்பிராணி. குதிகாலால் அழுத்தி அழுத்தி நடந்தேன். கழிவறைக் கதவடியில் தரை தாழ்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரம் அவர் மனைவி தட்டில் தேநீர் கொண்டு வந்தார். படியில் இரண்டு சோடிச் சப்பாத்தைக் கண்டதும் தன் செருப்பையும் கழற்றிவிட்டு ஏறினார். தமிழ்ப் பெண், வேறென்ன செய்வார்?

“அக்கா, இதில ஒருக்கா நில்லுங்கோ” என்றேன்.

நின்றார். தட்டு ஆடியது.

“என்னப்பா, நிலம் தாழுது?” என்று வெளியே நின்ற கணவரைக் கேட்டார்.

“அது... கம்பளம் புதுசு.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “கோயில்ல கதிரையில இருந்த தங்கச்சியின்ர காலும் இப்பிடித்தானோ?”

“ஓம், அக்கா.”

தட்டை மேசையில் வைத்தார். கணவரைப் பார்த்து, “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இஞ்ச வாங்கோ” என்றார்.

அவர் மழையில் குனிந்து நாடாவை அவிழ்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. நான் உதவவில்லை. வெறுங்காலோடு வந்து நின்றார். பலகை முனகியது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

“கையை எடுங்கோ, அண்ணை” என்றேன்.

எடுத்தார். நண்பர் அந்த வண்டியை வாங்கவில்லை. நான் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

வீட்டில் மனைவி காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி காத்திருந்தாள்.

“நிண்டவர்” என்றேன்.

“வெறுங்காலோடயோ?”

“ஓம்.”

“பலகை முறிஞ்சதோ?”

“இல்லை.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நீங்கள் ஏன் திரும்பி வந்தனீங்கள்?”