செல்லுக்குள் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை

கல்யாணமாகி அனுமந்தன்பட்டியிலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன் நான். மாமனார் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தைக் கவனிப்பது என் வேலை. கவனிப்பது என்றால், மொபெட்டில் போய்ப் பந்தலுக்கடியில் நின்று வேலையாட்களை அதட்டிவிட்டு மொபெட்டிலேயே திரும்புவது. போன வருடம் முழங்கால்கள் வீங்கின. மடக்கினால் நீட்ட முடியவில்லை, நீட்டினால் மடக்க முடியவில்லை. கொடிகளை வெட்டிவிடும் கவாத்துக்கு முன்னால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார் மனைவியின் அண்ணன். தோட்டமும் போனால் அந்த வீட்டில் எனக்கென்று மிஞ்சுவது சாப்பாட்டுத் தட்டுதான்.

மகள் பெங்களூரில் வயதான செல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் என் காலைப் பார்த்துவிட்டு மைட்டோகாண்ட்ரியா என்றாள். புதுப் பூச்சிமருந்து போல என்று நினைத்தேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உணவை எரித்துச் சக்தி தருவது அதுதானாம். ஆதியில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டதாம். வயதாக ஆக நைந்துபோய், அதன் உடைசல்கள் வெளியே கசியும். அதில் இன்னமும் வெளியூர் அடையாளம் இருப்பதால், கிருமி நுழைந்துவிட்டது என்று செல்லின் காவல் ஊரைக் கூட்டிவிடும். அந்தக் கூப்பாடுதான் அழற்சி, அதாவது வீக்கமும் வலியும்.

"வெளியூர்லருந்து வந்து, காலமெல்லாம் அடுப்பெரிச்சு, வயசான பெறகும் சந்தேகமா? ஆத்தா, அது நாந்தான்" என்றேன். அடுப்படியில் மனைவி சிரித்தாள், மறுக்கவில்லை.

"ஒங்க முழங்காலுக்கு அது மட்டுந்தான் காரணம்னு சொல்லலப்பா. ஆனா ஒடம்ப அசைச்சா, செல்லு நைஞ்சதக் கழிச்சுட்டுப் புதுசு உண்டாக்கும். டாக்டரும் மெதுவா நடக்கத்தான சொன்னாக? மொபெட் சாவிய இங்கன குடுங்க."

வாய்க்கால் கரையில் நடக்க ஆரம்பித்தேன். எருமைகள் என்னை முந்திப் போயின. முதலில் பாலம் வரை, பிறகு தென்னந்தோப்பு வரை. வீக்கம் முழுதாக வற்றவில்லை, ஆனால் கால் மடங்கியது. கவாத்துக்கு ஆள் வரும் அன்று காலையில் தோட்டத்துக்கே நடந்துவிட்டேன்.

வாசலில் நாய். குட்டியிலிருந்து நான் சோறு போட்டு வளர்த்தது. அதற்கு நான் என்றால் மொபெட் சத்தம். நடந்து வந்தவனைத் திருடன் என்று முடிவுகட்டி, பந்தல் அதிரக் குரைத்தது. குத்தகை பேச வந்தவரோடு உள்ளே நின்றிருந்த மைத்துனர் ஓடிவந்தார். என் காலைப் பார்த்தார், பின்னால் வண்டியைத் தேடினார்.

"வண்டி எங்க மாப்ள?"

"வீட்டுல."

என் முழங்காலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கவாத்துக் கத்தரியை என்னிடம் நீட்டினார். வந்தவரிடம் குத்தகை இப்போது வேண்டாம் என்று சொல்லி, டீ குடிக்கக் கூட்டிப் போனார்.

நாய் என் காலை மோந்து பார்த்து ஒருவழியாக அடங்கியது. பந்தலுக்கடியில் குனிந்து முதல் கொடியை வெட்டினேன். முழங்கால் லேசாக முனகியது. குரைக்கவில்லை.