பழைய ரிவிஷன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும், எனக்குக் கீழே பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண்ணும்தான். டிப்ளமோ படித்தவள், அதிகம் பேசமாட்டாள்.

நாங்கள் அனுப்பிய வால்வுகள் பாதி திறந்தால் விசில் அடிக்கின்றன என்று ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னார். வார்த்து, கடைந்து, சோதித்து, மறுபடி மாற்றிச் செய்வதிலேயே மாதங்கள் போயின. முதலாளி கூப்பிட்டார்.

"உள்ள தண்ணி எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்லயே பாக்கலாமாமே. நம்ம கைக்கு அடக்கமா ஒண்ணு பாத்துச் சொல்லுப்பா."

தேடியதில் இரண்டு சாஃப்ட்வேர்கள் மிஞ்சின. ஒன்று பெரிய கம்பெனிகள் வைத்திருப்பது, வருடா வருடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதன் பெயர் என் பயோடேட்டாவில் ஏறினால் நல்லது என்று எனக்கு உள்ளூர ஆசை. இன்னொன்று இலவசம். ஆனால் பட்டனைத் தட்டினால் ஓடாது, எல்லாவற்றையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவள் வீட்டிலேயே கற்றுவைத்திருந்தாள். நான் ஒரு மாதம் முயன்று, முடியாமல், யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

எவ்வளவு தண்ணீர் போகிறது என்று டெஸ்ட் பெஞ்சில் ஏற்கெனவே ரீடிங் எடுத்த ஒரு வால்வை இரண்டிலும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் முதலாளி. விலை உயர்ந்ததை ட்ரையலில் நான் ஓட்டினேன், இலவசத்தை அவள் ஓட்டினாள்.

வால்வின் கம்ப்யூட்டர் மாடலை அவளுக்கு அனுப்பியது நான். மறுநாள்தான் கவனித்தேன், அது திருத்தத்துக்கு முந்தைய பழைய ரிவிஷன்; நான் ஓட்டியது புதியது. தண்ணீர் போகும் துளை அதில் இரண்டு மில்லிமீட்டர் சின்னது. அவள் என்னிடமிருந்து நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானமும் சொல்லவில்லை.

மீட்டிங்கில் என் ரிசல்ட் ரீடிங்கோடு ஒட்டி வந்தது. அவளுடையது நிறையவே குறைந்திருந்தது.

"எங்கியோ தப்பு பண்ணியிருக்கேன் சார். ரெண்டு நாள் குடுங்க" என்றாள்.

"தப்பு உன்மேல இல்லம்மா. இலவசமா கிடைக்கிறது இவ்ளோதான் வரும்" என்றேன்.

முதலாளி சிரித்தார். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக அப்போது எனக்கே தோன்றியது. அந்தக் குரலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

லைசென்ஸ் வாங்கினோம். அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் என் தயிர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

டெஸ்ட் பெஞ்சைப் பார்க்கும் மாங்காட்டுக்காரர் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு என்னாண்ட வந்து துளை சைஸ் கேட்டுகினு இருந்துச்சு. அதுகிட்ட கீறது பழைய டிராயிங்காச்சே. நீங்க பாக்கலியா?"

"அப்படியா? பாக்கறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சொல்லிடு சார்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அவள் கிளம்பும் நேரத்தில் அவளிடம் போனேன். "நான் உனக்கு அனுப்பினது பழைய ரிவிஷன்மா. இப்பதான் பாத்தேன்."

"நான் போன வாரமே பாத்துட்டேன் சார். புதுசுல ஓட்டினேன், ரீடிங்கோட சேருது."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பையைத் தோளில் மாட்டியவள் நின்றாள். "இப்பதான் பாத்தீங்களா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்ல. அனுப்பின மறுநாளே பாத்துட்டேன்" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "ட்ரெயினுக்கு நேரமாச்சு சார்" என்று கிளம்பினாள்.

மறுநாள் காலை முதலாளியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அவளை உள்ளே வரச்சொல்லி, "இப்ப சொன்னத இவ எதிர்ல சொல்லு" என்றார். சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டாள்.

வருடம் முடிந்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. இப்போது எல்லா வால்வுகளையும் அவள்தான் ஓட்டுகிறாள். நான் அவளிடம் கற்றுக்கொள்கிறேன். தப்பாக எழுதினால், "இந்த வரியக் கொஞ்சம் பாருங்க சார்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும்போதெல்லாம் எனக்குக் காது சுடுகிறது.