பெருமாளையும் சேர்த்துத் திருப்பினோம்

நர்ஸ் பயிற்சி முடித்து, திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் கவலைக்கிடமான நோயாளிகளின் வார்டில் நான் சேர்ந்த புதிது. பக்கவாதத்தில் நினைவிழந்த ஸ்ரீரங்கத்து வாத்தியார் ஒருவரைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார்கள். படுக்கைப்புண் வராதிருக்க, இரண்டு மணிக்கொரு தரம் அவரை இடம், வலம் என்று மாற்றிப் படுக்க வைத்து அட்டையில் குறித்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

நான்காம் நாள் உடம்பு துடைக்கும்போது இடது இடுப்பு சிவந்திருந்தது. விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை. புண் கிளம்பப்போகிறது, எலும்பைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. "எப்படி மாமி இது?" என்று அவர் மனைவியிடம் அட்டையைக் காட்டினேன்.

மாமி இடப்பக்க ஜன்னலில் வைத்திருந்த ரங்கநாதர் படத்தைக் காட்டினார். "கண்ணைத் தொறந்தா பெருமாளைன்னா சேவிக்கணும்? நீங்க வலப்பக்கம் படுக்க வச்சுட்டு அந்தண்டை போனதும் நானும் வார்டு ஆயாவுமா இந்தப் பக்கமே திருப்பிடுவோம். கோவிச்சுப்பேளேன்னு, வரதுக்குள்ளே பழையபடி மாத்திடுவோம். பெருமாளே ஒரே பக்கமாத்தானே சயனிச்சிண்டிருக்கார், சிஸ்டர்!"

"அவருக்கு ஆதிசேஷன் மெத்தை, மாமி. மாமாவுக்கு இரும்புக் கட்டில்."

மாமி சிரித்துவிட்டார். மாமாவைத் திருப்பும்போதெல்லாம் படத்தையும் அந்தப் பக்கம் மாற்றும் வேலையை அவரிடமே கொடுத்தேன். அதன்பின் எனக்கு முன்பே அவர் குரல் வரும்: "சிஸ்டர், பெருமாள் வலப்பக்கம் எழுந்தருளியாச்சு!"

சிவப்பு மறைந்தது. வாத்தியார் கண் விழித்தது வலப்பக்கம். பெருமாளும் அங்கேதான் இருந்தார். தோல் எங்கும் உரியாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

இப்போதெல்லாம் அட்டையை நம்பாமல், திருப்பும்போதெல்லாம் தோலைத் தொட்டுப் பார்க்கிறேன். புது நோயாளி வந்தால் நான் எழுதும் முதல் வரி இடமா, வலமா என்பதல்ல; கண் திறந்ததும் அவர் எதைப் பார்க்க வேண்டுமென்று வீட்டார் விரும்புகிறார்கள் என்பதுதான்.