குடிகாட்டில் நின்ற கார்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடலூர் செம்மண்டலத்தில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு இருந்த ஒரே பக்தி மைலேஜ் மேல்தான். தூரப் பயணம் என்றால் எல்லை தாண்டிப் புதுச்சேரி போய் டேங்க்கை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவேன், அங்கே டீசல் விலை குறைவு. அறுபதுக்கு மேல் மிதிக்க மாட்டேன். ஏசி கேட்டால் ஜன்னல் காற்றின் பெருமையைப் பேசுவேன். இப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். அது என் கூட்டாளி குமாரவேலுடையது, மச்சான் மச்சான் என்று பழகியவன். ஒரு மழைக்காலத்தில் அவன் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் வழியில் ஒரு பங்க்கில் டீசல் போட்டிருக்கிறான். குடிகாடு அருகே, கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் ரோட்டில், கார் உதறி நின்றுவிட்டது. இறங்கி பானெட்டைத் தூக்கிப் பார்த்தவனை எதிரே வந்த பஸ் அடித்துவிட்டது. பிறகு மெக்கானிக் டேங்க்கைத் திறந்தால் டீசலில் பாதி தண்ணீர். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைத்தண்ணீர் இறங்கியது முதலாளிக்குத் தெரியும், தெரிந்தே விற்றிருக்கிறான். கேஸ் வருவதற்குள் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு, "டிரைவர் குடிச்சிருந்தான் சார்" என்று போலீசில் சொல்லிவிட்டான். குமாரவேல் பீர் பாட்டிலைக்கூடத் தொட்டதில்லை.

அவன் மனைவி மல்லிகாதான் காரை எனக்கு விற்றாள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"அண்ணே, அந்த பங்க்ல மட்டும் வண்டிய நிறுத்தாதீங்க. அவரு கோவமா இருக்காரு."

பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் ஒரு குடும்பத்தை ராமேஸ்வரம் அழைத்துப்போய்த் திரும்பினேன். அவர்கள் நடராஜரைப் பார்த்துவிட்டுத் தங்குவதாகச் சிதம்பரத்தில் இறங்கிக்கொண்டார்கள். அங்கேயே கழுத்துவரை டீசல் போட்டேன், என் கண்ணால் பார்த்துப் போட்டேன். நல்ல வெயில், காரில் நான் மட்டும். புதுச்சத்திரம் தாண்டியதும் டீசல் முள் கீழே இறங்க ஆரம்பித்தது. ஓட்டை விழுந்துவிட்டதா என்று நிறுத்திக் குனிந்து பார்த்தேன், தரையில் ஒரு சொட்டு இல்லை. மறுபடி எடுத்தேன், முள் அடியைத் தொட்டது, இன்ஜின் அணைந்தது, கார் தானாக உருண்டு போய் ஒரு பங்க் வாசலில் நின்றது. எந்த பங்க் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேறு வழியில்லாமல் டீசல் போடச் சொன்னேன். மூடியைத் திறந்து குழாயை வைத்ததும் வெளியே வழிந்தது. டேங்க் நிறைந்துதான் இருந்தது! முதலாளி எழுந்து வந்து சிரித்தார்.

"மீட்டர் கோளாறுப்பா. கடலூருக்கா போற? நானும் வரேன், என் வண்டி சர்வீஸ்ல இருக்கு."

அதுவரை எத்தனை முறை சாவியைத் திருகியும் உயிர் வராத கார், அவர் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும், நான் தொடுவதற்கு முன்பே, சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்டார்ட் ஆனது. முள் மேலே ஏறி நின்றது. பிரேக்கை மிதித்தால் அழுந்தவில்லை, கால் வைக்காமலே வேகம் எழுபது, எண்பது என்று ஏறியது.

"மெதுவா போயேம்பா, யாரு தொரத்துறா?" என்றார் அவர். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன், அதுவும் பிடிக்கவில்லை.

குடிகாடு அருகே வேகம் குறைந்தது, கார் உதறியது, நின்றது. அதே இடம். அவருக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. "நானும் ஒரு காலத்துல மெக்கானிக்தான், நீ உக்காந்து செல்ஃப் அடி" என்று சொல்லி இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கினார். எனக்கு முன்னால் பானெட் சுவர் மாதிரி நின்றது. "சார், ஓரமா வாங்க, அங்க நிக்காதீங்க!" என்று கத்தினேன். கதவைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. எதிரே லாரி ஹாரன், பிறகு அந்தச் சத்தம்.

கதவு அதன்பிறகு தானாகத் திறந்துகொண்டது.

மல்லிகாவிடம் அன்றைக்கே போய்ச் சொன்னேன். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. "செத்துட்டானாண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "உடனேவா?" என்றாள். இல்லை, ஆஸ்பத்திரி போகும் வழியில் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய், பல நாளாக மூட்டாத அடுப்பை மூட்டி உலை வைத்தாள். காரை நான் இரும்புக்கடையில் போட்டுவிட்டேன்.

இத்தோடு போயிருந்தால் தற்செயல் என்று தேற்றிக்கொண்டிருப்பேன். சில மாதம் கழித்து, சாட்சி சொல்லப் போன இடத்தில் அந்த லாரி டிரைவரைக் கோர்ட்டு வாசலில் பார்த்தேன். என்னைத் தனியாக அழைத்துப் போனான்.

"அண்ணே, அந்த ஆளு உங்க வண்டியோரமாத்தான் நின்னாரு. பின்னாலருந்து ஒருத்தன் இடுப்பக் கட்டிப் புடிச்சு நடுரோட்டுக்கு இழுத்துட்டு வந்தான். போலீசுல சொன்னேன், போதையான்னு அடிக்க வந்தாங்க. நீங்க பாக்கலியா?"

"பானெட் மறைச்சிருந்துச்சுப்பா, எனக்கு ஒண்ணும் தெரியல."

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"மோதுறதுக்கு முன்னாடி, இழுத்துட்டு வந்தவன் புடிய விட்டுட்டு உங்க கார் பக்கம் திரும்பினாண்ணே. ரெண்டு கையையும் எடுத்து உங்களக் கும்பிட்டான்."