வளாகப் பஸ்ஸின் பின்கதவு

பல்கலைக்கழக நூலகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது, தரையின் குளிர் வலக்காலுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் இரண்டு கால்களும் என் சொல்லைக் கேட்கவில்லை.

முள்ளந்தண்டுவட அழற்சி (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக்கற்றை வீங்கிச் செயலிழத்தல்) என்றார் வைத்தியர். ஊசிமருந்து, பிறகு இயன்மருத்துவம் (தசைகளைப் பழக்கும் சிகிச்சை) என்று ஏழு மாதங்கள் போயின. இடுப்பில் பலம் திரும்பியது. கால்களில் திரும்பவில்லை.

"நான் நடப்பனோ, டொக்டர்?"

"நடை வருமெண்டு வாக்குத் தரமாட்டன். ஆனா கம்பஸுக்கு ஏன் நீர் இன்னும் போகேல்லை?"

சில்லுக் கதிரையில் (சக்கர நாற்காலியில்) போனேன். காலையில் அப்பா எங்கள் ஊரான உடுவிலிலிருந்து ஓட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார். ஆய்வுகூடம் இருந்த மற்ற வளாகத்துக்குப் பல்கலைக்கழகப் பஸ்ஸில்தான் போகவேண்டும். அதன் வாசலில் மூன்று உயரமான படிகள்.

முதல் நாள் தோழிகள் நாலுபேர் என்னைத் தூக்கி ஏற்றினார்கள். அன்பாகத்தான் தூக்கினார்கள். ஆனால் என் சட்டை முதுகுவரை மேலேறிவிட்டது. இழுத்துவிட எனக்கு ஒரு கையும் மிச்சமில்லை. இரண்டும் அவர்கள் கழுத்தைச் சுற்றியிருந்தன. அன்றிரவே படிப்பை நிறுத்தக் கடிதம் எழுதினேன்.

மறுநாள் அதைக் கொடுக்கப் போனபோது பஸ் சாரதி நிசார் நானா (முஸ்லிம்களில் 'அண்ணா') மறித்தார். 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது குழந்தையாகக் குடும்பத்தோடு போய், வளர்ந்தபின் திரும்பிவந்தவர். அதுவரை அவரோடு நான் கதைத்ததில்லை.

"தங்கச்சி, நேற்றுத் தூக்கினது உமக்குப் பிடிக்கேல்லை, என்ன? கண்ணாடியிலை உம்மடை முகத்தைப் பாத்தனான்."

நான் சட்டையின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டேன்.

"அப்ப எப்பிடி ஏறினா உமக்குச் சரி?"

நோய் வந்தபின் பலர் எனக்கு வழி சொல்லியிருந்தார்கள். எது சரி என்று கேட்டவர் அவர்தான்.

"நானே உருட்டிக்கொண்டு ஏறவேணும், நானா."

"ஓம். எனக்கு ஒரு கிழமை தாரும், ஏழே நாள்."

கடிதம் பையிலேயே இருந்துவிட்டது.

அவர் அனுமதி வாங்கி, படிகளில்லாத பின்கதவோரம் இருந்த ஓர் இருக்கையைக் கழற்றுவித்தார். இரும்புச் சரிவுப்பலகை ஒன்றும் செய்வித்தார். அதில் என்னை ஏற்றுவதற்கு முன், "உம்மடை கதிரையிலை ஒருக்கா இருந்து பாக்கட்டோ?" என்று கேட்டார். நான் வாங்கில் (பெஞ்சில்) மாறி உட்கார்ந்தேன். அவர் சில்லுகளைத் தள்ளினார். பாதிவழியில் மேலே தள்ள முடியாமல் நின்று, பின்னோக்கி வழுக்கினார். நடத்துனர் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார்.

இறங்கியபோது முகம் வெளிறியிருந்தது. "செங்குத்தாய்க் கிடக்கு, தங்கச்சி. உதிலை உம்மை ஏத்தமாட்டன். பஸ்ஸைப் பதிக்கேலாது. நிலத்தைத்தான் உயர்த்தவேணும்."

அதைப் பல்கலைக்கழகப் பெண் பொறியியலாளர் ஒருவரிடம் சொல்லி, அவரை அழைத்தே வந்துவிட்டார். அந்த அம்மா நாடாவால் அளந்து, அந்தப் படிப்புத் தவணை முடிவதற்குள் இரண்டு வளாகத் தரிப்பிடங்களிலும் பஸ்தரை உயரத்துக்குச் சீமெந்து மேடை கட்டுவித்தார். மேடைக்கு ஏற நீளமான, சாய்வு குறைந்த பாதை. நானா பஸ்ஸைப் பின்னோக்கி எடுத்து, மேடையோடு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துவார். மழையிலும் அந்த இடைவெளி கூடியதில்லை.

முதன்முறை நானே உருட்டிக்கொண்டு உள்ளே போனபோது அழுதேன். அவர் பார்க்காததுபோல முன்கண்ணாடி வைப்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதே நோயோடு வாசிப்பவருக்கு ஒன்று: உதவ வருபவர்களிடம் உங்களுக்கு எப்படி வேண்டுமென்று சொல்லுங்கள். கேட்கக்கூடிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் என் உடல் இப்போது சில்லுகளின் விளிம்புவரை நீள்கிறது. ஒரு கதவைக் கண்டதும் என் தோள்கள் அதன் அகலத்தை அளந்துவிடுகின்றன. முன்பு நொடியில் பாய்ந்தேறியவளுக்கு, ஏறிக் கதிரைக்குப் பாதுகாப்புப் பட்டி (பெல்ட்) பூட்ட நாலு நிமிடம் வேண்டும். தொடக்கத்தில் அந்த நாலு நிமிடமும் மற்றவர்களிடம் களவெடுத்ததுபோலக் கூசியது.

போன கிழமை புதிய மாணவி ஒருத்தி முன்னாலிருந்து கேட்டாள்: "ஏன் நானா பஸ் நிக்குது?"

"ஆக்கள் ஏறீனம், பிள்ளை," என்றார் அவர், எல்லாப் பயணிகளையும் சொல்வதுபோல.

நான் அவசரப்படாமல் பட்டியைப் பூட்டினேன்.