மீன் சாற்றுக்கு வந்த துளசி

என் ஓரகத்தி வரும்வரை எங்கள் வீட்டில் என் மீன் குழம்புக்குப் போட்டியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வந்தால், யார் கழுவினாலும் சட்டி என்னுடையது. பதினைந்து வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தது குருசுக்குப்பத்துப் பெண்ணை. அவள் தாத்தா சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அதனால் அந்த வீட்டுச் சமையலே வேறு. வரும்போதே ஒரு தொட்டியையும் கொண்டுவந்து மாடியில் வைத்தாள். எலுமிச்சைத் துளசியாம். இரண்டு துளசி இனம் கலந்து பிறந்தது, சமையலுக்கென்றே வளர்ப்பார்களாம். பார்க்கத் துளசிதான், கொஞ்சம் வெளிர் பச்சை. கிள்ளினால் எலுமிச்சம்பழத் தோலின் வாசனை.

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். அவள் மீன் சாறு வைத்தாள். அடுப்பை அணைத்த பிறகு அந்த இலையை ஒரு கைப்பிடி கிள்ளிப் போட்டாள். வாசனை நான் படுத்திருந்த அறைவரை வந்தது.

"புளியே போடாம எப்படிம்மா இப்பிடி வச்ச?" என்று என் வீட்டுக்காரர் கேட்டது காதில் விழுந்தது. என் குழம்பை எப்படி வைத்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வாய் கசக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கசந்தது வாய் இல்லை. அடுத்த ஞாயிறும் "சின்னவளே வைக்கட்டும்" என்றார்கள்.

அதுவரை நாத்தனார் வீட்டில், தவளக்குப்பத்தில் இருந்த என் மாமியார் அந்த வாரம் திரும்பி வந்தார். துணி எடுக்க என்னோடு மாடி ஏறியவர், தொட்டியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாசனைய பாரு, தெய்வமே வந்து நிக்கிற மாதிரி!" மஞ்சள் குங்குமம் வைத்தார், அகல் ஏற்றினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விளக்கு வைத்துக் கும்பிட்ட செடியில் மீனுக்கு இலை கிள்ள எவளுக்குத் துணிச்சல் வரும்? இது வேறு துளசி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை முடிந்து அவள் சாயங்காலம் வந்தாள். குங்குமத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு லட்சுமிய கொண்டாந்துட்டியே, சின்னவளே!" என் பக்கம் திரும்பினார். "நீயும் வந்து பதினஞ்சு வருஷம் ஆவுது. ஒரு துளசி வைக்கணும்னு தோணுச்சா ஒனக்கு?"

அந்த ஞாயிறு சட்டி என்னிடம் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "அந்த எலய போடலியா?" என்றார்.

"எந்த எலடா?" என்றார் மாமியார். என் கை கரண்டியோடு நின்றது.

"கடையில வாங்குன எல, அத்த. இப்ப கெடைக்கல," என்றாள் ஓரகத்தி, தட்டிலிருந்து தலை நிமிராமல். காப்பாற்றிவிட்டாள். அதுவும் எனக்கு எரிச்சல்.

பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் நான்தானே, அந்தி விளக்கு என் தலையில் விழுந்தது. தண்ணீர் ஊற்றினால் இலை நனைந்து அந்த வாசனை எழும்பும். அந்தச் சாற்றை நான் ஒரு வாய்கூடக் குடித்துப் பார்த்ததில்லை. கைகூப்பிக் கண்ணை மூடுகிறேன். வாயில் எச்சில் ஊறுகிறது.